15 இன்ச் சக்கரத்திலிருந்து 17க்குப் போனால் வண்டி சோம்பிப் போகுமா? (மேக்ஸ் எடை, டயர் அளவு: டர்பன், ஜோபர்க் ஆட்கள் சொல்லுங்க)

கரும்புத்தோட்டம் (டாங்காட்)
வணக்கம் எல்லாருக்கும். வண்டி 2012 போலோ 1.4, 63 கிலோவாட், டர்போ இல்லை. இப்போ இருப்பது கம்பெனி கொடுத்த 15×6 மேக்ஸ் (அலாய் சக்கரம்), டயர் 185/60 ஆர்15. மாத்த நினைப்பது 17×7.5, ஆஃப்செட் (சக்கரத்தின் நடுக்கோட்டிலிருந்து மாட்டும் முகம் தள்ளி இருக்கும் தூரம்) 35 மிமீ. டயர்க் கடையில் 205/45 ஆர்17 ஸ்டாக் இருக்கு, உடனே மாட்டலாம்னு சொல்றாங்க. மேக் மட்டும் ஒண்ணு 11 கிலோ. கேள்வி மூணு: பிக்-அப் எவ்வளவு அடிபடும்? பெட்ரோல் கூடுமா? பீல்ட்ஸ் ஹில், வான் ரீனன் ஏத்தத்தில் மூச்சு வாங்குமா?

சாட்ஸ்வர்த்_லோரிங்
அடிபடும் தம்பி, நல்லாவே அடிபடும். சக்கரத்தில் 1 கிலோ ஏத்தினா பாடியில் 8 கிலோ ஏத்தின மாதிரி. நாலு சக்கரத்துக்கும் கணக்குப் போட்டா ரெண்டு ஆள் கூடுதலா உட்கார்ந்த கதைதான். விட்டுடு.

மூணாம்கியர் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)
லோரிங் அண்ணே, அந்த 8 கிலோ கணக்கு ஊரெல்லாம் சுத்துது. ஆனா பௌதிகம் அதுக்கு இடம் கொடுக்காது. உச்ச வரம்பே 2தான்.

ஏன்னா, சக்கரத்துக்கு ரெண்டு வேலை. வண்டியோட சேர்ந்து முன்னால போகணும், தானும் சுத்தணும். ஒரு பொருளோட எடை முழுக்க டயர் தரையைத் தொடும் விளிம்பிலேயே இருந்தாதான் சுத்துவதற்கான ஆற்றலும் முன்னால போவதற்கான ஆற்றலும் சரிசமமா வரும். அப்போ 1 கிலோ 2 கிலோ மாதிரி நடந்துக்கும். அதைவிட உள்ளே இருக்கிற எந்த எடையும் 2க்குக் கீழேதான். தூரத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி குறையும்.

இப்போ தம்பியோட வண்டிக்கே போட்டுப் பார்க்கலாம். 15 இன்ச் மேக் 8 கிலோ, அதன் டயர் 7.8 கிலோன்னு வச்சுக்கிறேன். 17 இன்ச் மேக் 11, டயர் 9.5. மேக்கின் எடை சராசரியா ரிம் ஆரத்தின் முக்கால் பங்கு தூரத்தில் இருக்கு. டயர் எடை கிட்டத்தட்ட வெளி ஆரத்தின் 90 சதவீதத்தில் இருக்கு. இதை வச்சுக் கணக்குப் போட்டா:

மேக்கில் 1 கிலோ = பாடியில் ஏறக்குறைய 1.2 முதல் 1.3 கிலோ.
டயரில் 1 கிலோ = ஏறக்குறைய 1.8 கிலோ.

ஒரு சக்கரத்துக்கு நிஜ எடை கூடுவது 4.7 கிலோ, நாலுக்கும் சேர்த்து 19 கிலோ. சுழற்சியையும் சேர்த்தா வண்டிக்கு அது 29 கிலோ மாதிரி தெரியும். ஓட்டுநரோட வண்டி 1150 கிலோ. ஆக 2.5 சதவீதம் பக்கம். 0–100 போக 12 வினாடி எடுக்கிற வண்டிக்கு 0.3 வினாடி.

ரெண்டு ஆள் இல்லை அண்ணே, ஒரு எட்டு வயசுப் பிள்ளை.

இன்னொண்ணு கவனிங்க. 15 இன்ச் செட்டில் மொத்தச் சுழல் நிலைமத்தில் (சுத்த வைக்க எதிர்க்கும் தன்மை) முக்கால் பங்குக்கு மேல டயர்தான். மேக்கை 1 கிலோ குறைக்க ஆயிரக்கணக்கில் ராண்ட் கொட்டிட்டு, அதுமேல கனமான மலிவு டயரை மாட்டறவங்க இந்த இடத்தைப் பார்க்கிறதே இல்லை.

சாட்ஸ்வர்த்_லோரிங்
கணக்கு சரியாவே இருக்கட்டும். ஆனா 17 மாட்டின சின்ன வண்டி எதை ஓட்டிப் பார்த்தாலும் முதல் கியரில் மந்தம் தெரியுதே. 0.3 வினாடி யாருக்கும் கால்ல தெரியாது. அப்போ அந்த மந்தம் எங்கிருந்து வருது?

மூணாம்கியர்
நியாயமான கேள்வி. எடையைவிட்டு விட்டத்தைப் பாருங்க.

185/60 ஆர்15: பக்கச்சுவர் 185ல 60 சதவீதம், அதாவது 111 மிமீ. ரெண்டு பக்கமும் 222. ரிம் 381. மொத்த விட்டம் 603 மிமீ.
205/45 ஆர்17: 92.25 ரெண்டு தடவை 184.5. ரிம் 431.8. மொத்தம் 616 மிமீ.

விட்டம் 2.2 சதவீதம் பெருசு. எல்லாக் கியரும் 2.2 சதவீதம் நீண்டுடுச்சு. டிஃப் ரேஷியோவை (கடைசிக் கியர் விகிதம்) மாத்தின மாதிரி. அதே ஆர்பிஎம்மில் தரையில் தள்ளும் விசை அவ்வளவு குறையும். எடையோட சேர்த்தா 4.5 சதவீதத்துக்கும் மேல. கீழ் ஆர்பிஎம்மில் இழுவை இல்லாத 1.4க்கு, கிளட்ச்சை விட்டு நகரும்போது இது தெரியும்.

கடைக்காரர் ஸ்டாக்கில் இருப்பதைச் சொல்றார். நீங்க கேட்க வேண்டியது 215/40 ஆர்17. விட்டம் 604 மிமீ, பழைய டயரோட 1 மிமீதான் வித்தியாசம். அதே தலைமுறை போலோ ஜிடிஐக்குக் கம்பெனியே போட்ட அளவும் அதுதான்.

ஹைவெல்ட்சாமி (லெனேசியா)
மூணாம்கியர் சொல்றதில் ஒரு திருத்தம். கியர் நீண்டா 0–100 நேரமும் அதே அளவு கூடும்னு எடுத்துக்கக் கூடாது. ஒவ்வொரு கியரையும் ரெட்லைன் வரை இழுத்து மாத்தறவருக்கு, தள்ளும் விசை குறைஞ்சாலும் அந்தக் கியர் கொஞ்சம் கூடுதல் வேகம் வரை போகும். ஒண்ணை ஒண்ணு பெரும்பாலும் ஈடு கட்டிடும். சில வண்டியில் 100 தொட ஒரு கியர் மாத்தம் குறைஞ்சு, பெரிய டயர் வேகமாகவே காட்டும். கீழ் கியரில் டயர் வழுக்கிச் சுழலும் அளவுக்குச் சக்தி உள்ள வண்டியில் நீளக் கியர் நல்லதாவே போகலாம்.

முழுசா அடிபடுவது ஒரே கியரில் இழுக்கும்போது. நாலாவதில் 70லிருந்து 110, அஞ்சாவதில் ஏத்தம். அன்றாட ஓட்டத்தில் நமக்குத் தெரிவது இதுதான், ஸ்டாப்வாட்ச் இல்லை.

எங்க பக்கத்துக்கு இன்னொரு விஷயம் இருக்கு. ஜோகன்னஸ்பர்க் ஏறக்குறைய 1750 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் 82 சதவீதம்தான். டர்போ இல்லாத எஞ்சின் 100 மீட்டருக்கு 1 சதவீதம்னு வச்சா 17 சதவீதம் இழக்கும். தம்பியோட 63 கிலோவாட் இங்க வந்தா 52. டர்பனில் சமாளிக்கிற சக்கரம் இங்க சமாளிக்காது. அதனாலதான் ஒரே வண்டி, ஒரே மேக்ஸ், டர்பன்காரர் "ஒண்ணும் தெரியலை"ங்கிறார், லெனேசியாக்காரர் "செத்துப்போச்சு"ங்கிறார். ரெண்டு பேரும் பொய் சொல்லலை.

கரும்புத்தோட்டம்
நன்றி ஐயா. அப்போ ஏத்தத்துக்கும் பெட்ரோலுக்கும்?

மூணாம்கியர்
ஒரே வேகத்தில் ஏறும்போது சுழல் நிலைமத்துக்கு வேலையே இல்லை. சக்கரம் வேகம் மாத்தலையே. அங்க நிஜ எடை மட்டும்தான். 19 கிலோவை டர்பனிலிருந்து 1700 மீட்டர் தூக்க வேண்டிய ஆற்றல் 0.32 மெகாஜூல். பெட்ரோல் லிட்டருக்கு 32 மெகாஜூல், எஞ்சின் அதில் கால் பங்கை வேலையா மாத்துதுன்னு வச்சா 40 மில்லி. டர்பனிலிருந்து ஜோபர்க் வரைக்கும் 40 மில்லி.

சமவேகத்தில் பெட்ரோல் குடிக்கிறது எடை இல்லை, டயரோட உருளல் தடை. நல்ல சிக்கன டயரின் கெழு 0.008 பக்கம். பிடிப்பான மென்ரப்பர் டயர் 0.011, 0.012 வரை போகும். 0.003 வித்தியாசம் உங்க வண்டியில் 34 நியூட்டன். 120ல போகும்போது 1.1 கிலோவாட். அந்த வேகத்தில் சின்ன ஹேட்ச்பேக் மொத்தமே 20 கிலோவாட் பக்கம்தான் கேட்கும். என்3 (டர்பன்-ஜோபர்க் நெடுஞ்சாலை) முழுக்க 5 சதவீதம் பெட்ரோல் ஒரு டயர்த் தேர்வில் போயிடும். ரிம் 15ஆ 17ஆங்கிறது அதுக்குப் பக்கத்திலேயே வராது. அகலம் 185லிருந்து 215 ஆனா காத்து மோதும் பரப்பும் கொஞ்சம் கூடும், அதையும் சேர்த்துக்கோங்க.

டயர் பெருசானா ஓடோமீட்டர் குறைச்சுக் காட்டும், அதையும் மறக்காதீங்க. 2.2 சதவீதம் பெரிய டயரில் 100 கிலோமீட்டர்னு காட்டினா நிஜமா 102.2 போயிருக்கீங்க. பல பேர் "லிட்டருக்கு அரைக் கிலோமீட்டர் குறைஞ்சிடுச்சு"ன்னு அழுவதில் பெரும் பங்கு மீட்டர் செய்யும் வேலை. வேகமானியும் அப்படியே. கம்பெனி வேகமானி எப்பவும் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும், அந்த இடைவெளியைப் பெரிய டயர் தின்னுடும். போன் ஜிபிஎஸ்ஸோட ஒருமுறை ஒத்துப் பார்த்துக்கோங்க, கேமரா முன்னால தெரிஞ்சுக்க வேண்டாம்.

மிட்லண்ட்ஸ்ராணி (ஹோவிக்)
எல்லாரும் முடுக்கத்தைப் பற்றியே பேசுறீங்க. 4.7 கிலோ கூடுவது நிஜமா கடிக்கிற இடம் வேற.

சின்ன வண்டியில் ஒரு மூலையில் ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை, அதாவது சக்கரம், டிஸ்க், காலிப்பர், ஹப், கீழ்க்கையில் (லோயர் ஆர்ம்) பாதி எல்லாம் சேர்த்து 35 கிலோ பக்கம். மொத்த வண்டிக்கு 19 கிலோ 1.7 சதவீதம். ஆனா அந்த 35 கிலோவுக்கு 4.7 என்பது 13 சதவீதத்துக்கு மேல. கம்பெனி ஷாக் அப்சார்பரின் வால்வு பழைய எடைக்கு அமைச்சது. கனமான சக்கரம் ஒரு மேட்டில் ஏறி மேலே போச்சுன்னா அதை நிறுத்தி, திருப்பித் தரைக்கு அனுப்ப ஷாக் அதிகம் உழைக்கணும். அந்த நேரம் முழுக்க டயர் தரையை லேசாத்தான் தொட்டுக்கிட்டிருக்கும். வளைவின் நடுவே பேட்ச் போட்ட தார் வரும் பாருங்க, அங்க வண்டியின் பின்பக்கம் ஒரு பக்கமா தத்தித் தத்திப் போகும். பிடிப்பு போகுதுங்கிறது அதுதான். பிரேக்கும் அதே கதை. அடுக்கடுக்கான அலைத் தார் மேல ஏபிஎஸ் சீக்கிரம் குறுக்கிடும்.

ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய ஷாக்கோட 17 மாட்டினா "மேக்ஸ் மாட்டினதிலிருந்து வண்டி உதறுது"ன்னு மேக்ஸைத் திட்டுவோம். ஷாக்கை முதலில் பாருங்க. எண்ணெய் கசிவு, பம்ப் ஸ்டாப் ரப்பர் தூளாகிக் கிடக்குதா, மேல் மவுண்ட் சத்தம். அதுக்கப்புறம் கீழ்க்கையின் பின் புஷ். கனமான அகலச் சக்கரம் அந்த புஷ்ஷைத்தான் முதலில் கிழிக்கும்.

டயர்மேஜை (ஃபீனிக்ஸ்)
ராணியக்கா சொன்னதுக்கு ஒட்டு. மேஜைக்கு வரும் மேக்ஸைப் பார்த்தா இன்னும் புரியும்.

40 தொடர் டயரில் பக்கச்சுவர் 86 மிமீ. பழையதில் 111. குழியில் இறங்கும்போது டயர் மடிஞ்சு ரிம்மை முட்டறதுக்கு 25 மிமீ குறைவா இருக்கு. நம்ம கேஇசட்என் (குவாசுலு-நடால்) ரோட்டில், மழைக்கு அப்புறம் தண்ணி நின்னு மூடின குழியில், 25 மிமீ பெரிய விஷயம்.

அடி விழுந்தா எங்க பார்க்கணும்: வெளிப்பக்கம் அழகா இருக்கும், அதை நம்பாதீங்க. வளைவது உள்விளிம்பு. கம்பிகள் (ஸ்போக்) எல்லாம் முகப்பு பக்கம், உள்பக்கம் வெறும் குழாய், தாங்க ஆளில்லை. பேலன்ஸ் மெஷினில் டயரோட சுத்த விட்டு, உள்விளிம்புக்குப் பக்கத்தில் ஒரு ஸ்க்ரூடிரைவரை அசையாம பிடிச்சுப் பாருங்க. இடைவெளி ஒரு சுத்தில் 1 மிமீக்கு மேல ஏறி இறங்கினா பக்கிள், அதாவது விளிம்பு வளைஞ்சிருக்கு. காரில் அது 90லிருந்து 120க்குள்ள ஸ்டியரிங் நடுக்கமா வரும். பின் சக்கரமா இருந்தா சீட்டில் வரும். எடை ஈயம் எவ்வளவு ஒட்டினாலும் போகாது, ஏன்னா பிரச்சினை எடை இல்லை, உருவம்.

விரிசல் இன்னொண்ணு. உள்குழாயில் முடி மாதிரி ஒரு கோடு, பிரேக் தூசி அதில் ஏறிக் கறுத்திருக்கும். காத்தழுத்தம் வாரம் 0.3 பார் குறையும், ஆணி எதுவும் கிடைக்காது. டயரைக் கழட்டாம சோப்புத் தண்ணியை உள்குழாயில் பூசினா நுரை கக்கும். விளிம்பிலுள்ள வளைவை அளவா சூடாக்கி நிமிர்த்தலாம். கம்பி வேரிலோ போல்ட் துளையைச் சுத்தியோ விரிசல்னா வெல்டிங் வேண்டாம், தூக்கிப் போடுங்க. வெல்டிங் சூட்டில் சுத்தியுள்ள அலுமினியத்தின் பதம் போயிடும், பக்கத்திலேயே திரும்பப் பிளக்கும்.

டயரின் பக்கச்சுவரில் முட்டை மாதிரி புடைப்பு வந்தா உள்ளே நார் அறுந்தது. அன்னிக்கே மாத்தணும், ஸ்பேர் வீலாகக் கூட வச்சுக்கக் கூடாது.

சாட்ஸ்வர்த்_லோரிங்
அப்போ லேசான மேக்ஸ் வாங்கினா ராணி சொன்ன பிரச்சினையும் தீரும், பிக்-அப்பும் பிழைக்கும். ஃபேக்டரி லுக் ரெப்ளிகா இப்போ 8.5 கிலோவில் 17 வருதே, விலையும் பரவாயில்லை.

டயர்மேஜை
அண்ணே, அங்கதான் ஜாக்கிரதை. 17×7.5 சாதா வார்ப்பு மேக் 9.5லிருந்து 11.5 வரும். வார்த்த பிறகு குழாய்ப் பகுதியைச் சூட்டில் உருட்டி நீட்டுவது ஃப்ளோ ஃபார்மிங். அதில் உலோகம் இறுகும், குழாய் மெல்லிசா இருந்தாலும் தாங்கும், 8லிருந்து 9 வரும். அடிச்சு உருவாக்கும் ஃபோர்ஜ்டு 7, 7.5க்கும் வரும், விலை நம்ம போலோவையே கேட்கும். சாதா வார்ப்பிலேயே 8.5ன்னா, உலோகத்தை எங்கிருந்தோ எடுத்திருக்கான்னு அர்த்தம். எடுத்த இடம் பெரும்பாலும் உள்குழாய். குழி அடிக்கிற அதே இடம்.

வாங்கும் முன் மேக்கைத் திருப்பிப் பாருங்க. கம்பி முதுகில் வார்த்த எழுத்து இருக்கணும்: அளவு, ஆஃப்செட், ஜேடபிள்யூஎல் அல்லது விஐஏ முத்திரை (ஜப்பானியத் தரச் சோதனை அடையாளம்), தாங்கும் எடை கிலோவில், 560, 620, 690ன்னு ஏதோ ஒண்ணு. வண்டியின் தகட்டில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் தனித்தனியா உச்ச எடை போட்டிருக்கும். பெருசை எடுத்து ரெண்டால் வகுங்க. மேக்கின் எண் அதுக்குக் குறையக் கூடாது. எழுத்தே இல்லாத மேக் எவ்வளவு லேசா இருந்தா என்ன, எனக்கு வேண்டாம்.

டயரிலும் அதேதான். அளவுக்குப் பின்னால வரும் எண் தாங்கும் எடையைச் சொல்லும்: 185/60 ஆர்15 84ன்னா ஒரு டயர் 500 கிலோ. 215/40 ஆர்17 பெரும்பாலும் 87 எக்ஸ்எல் (கூடுதல் எடை தாங்கும் ரகம்), 545 கிலோ. எண் பெருசுன்னு சந்தோஷப்படறதுக்கு முன்னால ஒரு சங்கதி: எக்ஸ்எல் அந்த எடையைத் தாங்குவது 2.9 பாரில். சாதா டயர் 2.5ல. பழைய 2.2 பாரையே இதிலும் அடிச்சா டயர் பாதி பட்டினி. 2.4, 2.5 வைங்க. குழியில் ரிம் அடிபடும் மேக்ஸில் பாதிக்குக் காரணம் ரோடு மட்டும் இல்லை, காத்தும்தான்.

ஹைவெல்ட்சாமி
காத்துன்னு வந்ததால: டர்பனில் 2.2 பார் அடிச்சு ஜோபர்க் வந்தா, அதே வெப்பநிலையில் கேஜ் 2.38 காட்டும். டயருக்குள் ஒண்ணும் மாறலை, வெளியே காத்து லேசாயிடுச்சு. மேலே வந்து குறைச்சுட்டு, அப்படியே கீழே இறங்கினா டர்பனில் 2.0தான் இருக்கும். ஈஸ்டர் லீவுக்கு இறங்கற குடும்ப வண்டிங்க, ஆளும் சாமானும் ஏத்தி, குறைஞ்ச காத்தோட மூயி ரிவர் தாண்டறதைப் பார்த்தா பகீர்னு இருக்கும்.

பேக்கிபாண்டி (நியூகாசில்)
குறுக்கே வர்றேன், மன்னிக்கணும். ஹைலக்ஸ் 2.4 டீசல் ஆட்டோ, 265/65 ஆர்17. 285/70 ஆர்17 ஆல்-டெரைன் மாட்ட ஆசை. மேலே சொன்ன கணக்கு பேக்கிக்கும் (பின்னால் சாமான் ஏத்தும் வண்டி) பொருந்துமா?

மூணாம்கியர்
பொருந்தும், ஆனா பெருசா. 776 மிமீயிலிருந்து 831 மிமீ. 7 சதவீதம் நீளம். இதுதான் உண்மையான சோம்பல். ஆட்டோ கியர் பாக்ஸ் மேல் கியரைப் பிடிக்க முடியாம ஏறி இறங்கி ஊசலாடும். 120ன்னு காட்டும்போது நிஜத்தில் கம்பெனி டயரைவிட 7 சதவீதம் வேகம். பிரேக்குக்கும் நெம்புகோல் அவ்வளவு நீண்டுபோச்சு: அதே பெடல் அழுத்தத்தில் தரையில் கிடைக்கும் தடுப்பு விசை ஆறரை சதவீதம் குறைவு. கனமான பக்கச்சுவர் உள்ள ரகம்னா ஒரு டயருக்கு 6, 7 கிலோ கூடும், அதுவும் 1.8ஆல் பெருக்க வேண்டிய இடத்தில். டிஃப் ரேஷியோ மாத்தாம இந்த அளவு எனக்குச் சரியாப் படலை. 265/70 ஆர்17 பாருங்க, 803 மிமீ, மூணரை சதவீதத்தில் நிக்கும். மேல பேசணும்னா தனி இழை போடுங்க பாண்டி, இங்க போலோ ஓடிக்கிட்டிருக்கு.

சாட்ஸ்வர்த்_லோரிங்
இன்னொரு சந்தேகம். டைனோவில் (உருளை மேல் வண்டியை ஓட்டி பவர் அளக்கும் மெஷின்) 15ஓட ஓட்டி, 17 மாட்டி ஓட்டினா பவர் குறையுதே. சக்கரம் எஞ்சின் பவரைக் குறைக்குமா?

ஹைவெல்ட்சாமி
குறைக்காது. பல கடைகளில் ஓடும் டைனோவில் உருளை எவ்வளவு வேகமா முடுக்கம் அடையுதுங்கிறதை வச்சுத்தான் பவரைக் கணக்கிடும். கனமான சக்கரத்தைச் சுத்த வைக்கவும் அதே எஞ்சின் சக்தி செலவாகுது, அந்தப் பங்கு உருளைக்கு வராது. அதனால திரையில் குறையும். ஆர்பிஎம்மை ஒரே இடத்தில் நிறுத்திப் பிடித்து அளக்கும் டைனோவில் இந்த வித்தியாசம் காணாமப் போகும். டயர் உருளையில் நசுங்கும் இழப்பு மட்டும் ரெண்டிலும் இருக்கும், காத்தழுத்தம் மாறினா அதுவும் மாறும். ட்யூன் பண்ணும் முன்னும் பின்னும் ஓட்டும்போது சக்கரத்தை மாத்தாதீங்க. ஸ்ட்ராப்பை இறுக்கும் அளவைக்கூட மாத்தக் கூடாது.

மிட்லண்ட்ஸ்ராணி
டைனோ இல்லாமலே பார்க்கலாம். ஐநூறு ராண்டுக்குள்ள ஒரு ஓபிடி டாங்கிள் (வண்டிக் கணினியில் செருகித் தகவல் படிக்கும் கருவி), போனில் அதைப் பதிவு செய்யும் ஒரு லாகர். சமதளமான, நெரிசல் இல்லாத ரோடு. நாலாவது கியர், 60ல ஓட்டி, முழு த்ராட்டில், ஜிபிஎஸ் வேகம் 70லிருந்து 110 தொடும் நேரத்தை எடுங்க. ஓபிடி வேகத்தை எடுக்காதீங்க, டயர் விட்டம் மாறினா அதுவும் பொய் சொல்லும். போகும்போது மூணு, திரும்பும்போது மூணு, சராசரி. காத்தும் சரிவும் அதில் கழியும். டேங்க் அளவு ஒண்ணா இருக்கட்டும், ஏசி ஆஃப், ரெண்டு செட்டையும் ஒரே நாள் காலையில். டர்பன் பிப்ரவரி மதியத்தையும் ஜூலை காலையையும் ஒப்பிட்டா வெப்பநிலை வித்தியாசமே உங்க மேக்ஸைவிடப் பெருசா இருக்கும்.

எடை போட: குளியலறைத் தராசில் சக்கரத்தை நேரா வைக்காதீங்க, முழுக்க மறைச்சு எண்ணே தெரியாது. நீங்க ஏறி நின்னு எடை பாருங்க, சக்கரத்தைத் தூக்கிக்கிட்டு நின்னு பாருங்க, கழிச்சுக்கோங்க. டயரோட மொத்தம், டயர் கழட்டின மேக் தனியா, ரெண்டையும் குறிச்சு வைங்க. கேட்டலாக்கில் எழுதின எடையை நம்பறதைவிட இது மேல்.

கரும்புத்தோட்டம்
ரொம்ப நன்றி அக்கா, ஐயா, எல்லாருக்கும். 16 ஒரு நடுவழியா? 215/45 ஆர்16 கிடைக்குது.

மூணாம்கியர்
600 மிமீ. அரை சதவீதம் சின்னது, பிக்-அப்புக்கு மயிரிழை சாதகம். பக்கச்சுவர் 97 மிமீ, 17ஐவிட 11 மிமீ கூடுதல் மெத்தை. மேக் 8.5 கிலோவுக்குள்ள சாதா வார்ப்பிலேயே நல்லதா வாங்கலாம். 63 கிலோவாட் வண்டிக்கு என் ஓட்டு 16.

சாட்ஸ்வர்த்_லோரிங்
பார்க்க 17 தான் அழகு. அதையும் யாராவது ஒருத்தர் சொல்லணுமில்ல.

டயர்மேஜை
அழகை மறுக்கலை அண்ணே. 16ஓ 17ஓ, தம்பி மாட்டும்போது கவனிக்க வேண்டியது:

போலோ 5×100, நடுத்துளை 57.1. வெளிக்கடை மேக்ஸ் பெரும்பாலும் 73.1 துளையோட வரும். இடையில் ஸ்பிகட் வளையம் போடணும். வளையம் இல்லாம போல்ட்டை மட்டும் நம்பி மாட்டினா சக்கரம் அரை மில்லி நடு விலகி உட்காரும், பேலன்ஸ் செஞ்சும் நடுங்கும். பிளாஸ்டிக் வளையமே போதும், ஆனா பிரேக் அதிகம் சூடாகும் வண்டிக்கு அலுமினியம் வாங்குங்க.

போல்ட் இருக்கை முக்கியம். ஃபோக்ஸ்வாகன் கம்பெனி போல்ட் எம்14×1.5, உருண்டைத் தலை இருக்கை. வெளிக்கடை மேக்ஸில் பாதிக்கு மேல 60 டிகிரி கூம்பு இருக்கை. உருண்டையைக் கூம்பில் இறுக்கினா ஒரு கோட்டில் மட்டும் தொடும், இறுகின மாதிரி தோணும், நூறு கிலோமீட்டரில் தளரும். மேக்கோட துளையைப் பார்த்து அதுக்கேத்த போல்ட் கேட்டு வாங்குங்க. கையாலேயே குறைஞ்சது ஏழு சுத்து உள்ளே போகணும். அதுக்குக் குறைஞ்சா போல்ட் குட்டை. ரொம்ப நீளமா இருந்தா பின் பக்கம் டிரம் பிரேக்கின் உள்பாகத்தைத் தொடும். மாட்டினதும் சக்கரத்தைக் கையால் சுத்தி, உரசல் சத்தம் கேளுங்க. 120 நியூட்டன் மீட்டர், நட்சத்திர வரிசையில், வண்டி பாதி எடையில் தரையைத் தொட்ட நிலையில். ஏர் கன்னால் முடிக்க விடாதீங்க. 50லிருந்து 100 கிலோமீட்டரில் திரும்ப ஒருமுறை டார்க் ரெஞ்ச்.

ஆஃப்செட்: பழையது 15×6 ஆஃப்செட் 40. 17×7.5 ஆஃப்செட் 35ன்னா வெளியே 24 மிமீ தள்ளும், உள்ளே 14 மிமீ. முன்பக்கம் உள்ளே ஷாக் குழாய்க்கு இடைவெளி 5 மிமீக்குக் குறையாம இருக்கணும். பின்னால ரெண்டு பேரை உட்கார வச்சு, ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் முழுசாத் திருப்பி, பின் ஃபெண்டர் உதட்டைப் பாருங்க. டயர் தோளில் சுண்ணாம்பு தடவிட்டு ஒரு ஸ்பீட் ஹம்ப் ஏறி இறங்கினா எங்க தொடுதுன்னு சுண்ணாம்பே காட்டும். ஆஃப்செட் 40, 42 கிடைச்சா அதையே எடுங்க. வெளியே தள்ளத் தள்ள பேரிங் சீக்கிரம் உறுமும், ரோட்டில் இருக்கும் பள்ளமெல்லாம் ஸ்டியரிங்கைப் பிடிச்சு இழுக்கும்.

அப்புறம் அலைன்மென்ட், இன்சூரன்ஸ்காரருக்கு ஒரு மெயில். டயர் பட்டன் (பள்ளத்தின் ஆழம்) சட்டத்துக்கு 1 மிமீ போதும், டர்பன் மழைக்கு அகல டயரில் 3 மிமீயிலேயே மாத்திடுங்க. அகலம் கூடக் கூட தண்ணி மேல மிதப்பது சீக்கிரம் வரும்.

கரும்புத்தோட்டம்
16×7, ஆஃப்செட் 40, 215/45, கம்பி முதுகில் 620 கிலோன்னு இருக்கு. சனிக்கிழமை கடைக்குப் போறேன். அந்த 8.5 கிலோவைத் தராசில் போட்டுப் பார்த்துட்டுதான் காசு.

டயர்மேஜை
போல்ட் இருக்கையையும் அங்கேயே பார்த்துடு தம்பி. கடையில் கூம்பு போல்ட் இல்லைன்னா, "பழைய போல்ட்டே போதும்"னு சொல்வாங்க. போதாது.

பேக்கிபாண்டி
தனி இழை போட்டாச்சு. மூணாம்கியர் அண்ணே, அங்க வாங்க, டிஃப் ரேஷியோ பேசணும்.